அஸ்தினாபுரத்துக்கு நேரே எட்டு இருபத்தைந்து

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்கள் நான்கு பேருக்கும் ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். வலைப்பக்கம் கட்டுவது பற்றிப் பத்துக் குறிப்புகள் போதும் என்றார்கள். இருபத்து மூன்று வருடம் இதே வேலையைப் பார்த்தவனிடம் பத்துக் குறிப்புகள்கூட இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவியும் அதையேதான் கேட்டாள். தேடிப் பார்த்தேன். என்னிடம் இருப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. அதை எழுதித் தருகிறேன்.

ஓய்வு பெற்றவன் என்றதும் கைத்தடியோடு ஒருவரைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். எனக்கு ஐம்பத்து மூன்று வயது. கண் மருத்துவர், "இன்னும் எத்தனை வருஷம் கம்ப்யூட்டரைப் பார்க்கப் போறீங்க?" என்று கேட்டார். நான் மனதுக்குள் கூட்டிக்கொண்டிருக்கும்போதே மனைவி, "இந்த மாசத்தோட சரி டாக்டர்" என்று சொல்லிவிட்டாள். பிரிவுபசாரம் அந்த அறையிலேயே முடிந்துவிட்டது.

தாம்பரம் மேற்கில் பேக்கரிக்கு மேல் இருக்கும் அதே மாடியில்தான், நீங்கள் இப்போது உட்காரும் அதே ஜன்னல் பக்கத்தில்தான், நானும் உட்கார்ந்திருந்தேன். உலகத்தைப் புரட்டிப்போட்ட பக்கம் எதையும் நான் கட்டவில்லை. பள்ளிக்கூடம், பல் மருத்துவமனை, கல்யாண மண்டபம். அந்த மண்டபத்தின் பக்கத்தில் மேலிருந்து ரோஜா இதழ்கள் உதிர்வதுபோல் செய்திருந்தேன். உதிர்ந்த இதழ்கள் எல்லாம் கீழே இருந்த தொலைபேசி எண்ணின் மேல் போய்ப் படுத்துக்கொண்டன. மண்டபத்துக்காரர் ஒரு வாரமாக யாருமே கூப்பிடவில்லையே என்று ஜோசியரைப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகுதான் என்னைப் பார்க்க வந்தார். இப்படிப்பட்ட ஆள் சொல்வதைத்தான் நீங்கள் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். எச்சரித்துவிட்டேன்.

கதைக்கு முன்னால் ஒரு சின்ன விஷயம் சொல்லியாக வேண்டும். நான் தொழிலுக்கு வந்த காலத்தில் முழுப் பக்கத்தையுமே டேபிளாகத்தான் கட்டுவோம். கோடு தெரியாத ஒரு பெரிய கட்டம், அதில் ஒரு அறையில் சின்னம், ஒரு அறையில் மெனு, ஒரு அறையில் படம். பிறகு நிறம், இடம், இடைவெளி எல்லாவற்றையும் தனியாக எழுதும் சிஎஸ்எஸ் வளர்ந்தது, அந்த வழக்கம் ஒழிந்தது. அப்போது எனக்கு மேலே இருந்த ஒரு அம்மணி, "டேபிள் போட்டுப் பக்கம் கட்டுறவன் என் டீமுக்கு வேண்டாம்" என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். அவர் சொன்னது சரி. அதை நான் கடைப்பிடித்த விதம்தான் சரியில்லை. புதிதாகச் சைவத்துக்கு மாறியவன் பக்கத்து இலையில் முட்டை இருந்தாலே முகம் சுளிப்பான் இல்லையா, அப்படி ஆகிவிட்டேன். டேபிள் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு ஒவ்வாமை. பன்னிரண்டு வருடம் ஒரு டேபிள்கூட எழுதவில்லை என்று சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வேன். கேட்பவர்களுக்கு அதில் என்ன பெருமை என்று புரியாது. அதனால் இன்னொரு முறை சொல்வேன்.

இனி ஜாபர் பாய். தாம்பரத்தில் நாலைந்து வேன் வைத்திருந்தார். வார நாட்களில் கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்குவார். ஞாயிற்றுக்கிழமை வண்டிகள் சும்மா நிற்கும். அரசு வேலைத் தேர்வுகள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் வரும். மேடவாக்கம் பக்கம் ஒரு கல்லூரி தேர்வு மையமாக இருந்தது. எந்தப் பேருந்தில் போவது, எங்கே மாறுவது என்று தெரியாமல் பிள்ளைகள் ஒன்பது மணிக்குக் கேட் மூடும் நேரத்தில் ஓடி வருவதை அவர் ஒருமுறை பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து தேர்வு நாளில் ஒரு வேனை ஊரப்பாக்கத்தில் எடுத்து, வழி நெடுக ஆட்களை ஏற்றிக்கொண்டுபோய் அந்தக் கல்லூரி வாசலில் இறக்குவார். முன்பதிவு கிடையாது, பெயர் கொடுக்க வேண்டியதில்லை. ஹால் டிக்கெட்டைக் காட்டினால் ஏறிக்கொள்ளலாம்.

"எந்த ஸ்டாப்புல எத்தினி மணிக்கு வண்டி வரும்னு ஒரு பேஜ் போட்டுக் குடுங்க சார். வாட்ஸ்அப்புல சுத்த வுட்டா போதும்" என்றார்.

ஏழு நிறுத்தம், எட்டாவதாகக் கல்லூரி. அவ்வளவுதான் வேலை. ஊரப்பாக்கம் 6.50, வண்டலூர் 7.00, பெருங்களத்தூர் 7.10, தாம்பரம் 7.25, சானடோரியம் 7.35, குரோம்பேட்டை 7.45, அஸ்தினாபுரம் 7.55, கல்லூரி 8.25. உங்களில் யாரிடம் கொடுத்தாலும் ஒரு டேபிளாக எழுதிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பீர்கள். நான் கலைஞன் அல்லவா? இடப்பக்கம் ஒரு பெட்டி, அதற்குள் எட்டு ஊர்ப் பெயர்கள் வரிசையாக. வலப்பக்கம் இளம் பச்சையில் இன்னொரு பெட்டி, அதற்குள் எட்டு நேரங்கள் வரிசையாக. இரண்டும் ஒன்றையொன்று ஒட்டி நின்றன. முதல் பெயருக்கு நேரே முதல் நேரம், இரண்டாவதற்கு நேரே இரண்டாவது. கீழே, தேர்வு முடிந்து திரும்பும் நேரங்களுக்கும் இதே மாதிரி இரண்டு பெட்டிகள். பெரிய திரையில் பார்த்தேன், என் கைபேசியில் பார்த்தேன், மனைவியின் கைபேசியிலும் பார்த்தேன். நூல் பிடித்த மாதிரி இருந்தது. விளம்பர ஆசையில் பக்கத்தின் அடியில், ஏதாவது குறையிருந்தால் கூப்பிடுங்கள் என்று பாயின் எண்ணோடு என் எண்ணையும் போட்டுக்கொண்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் ஒரு போன் வந்தது.

"சார், எக்ஸாம் வேனுக்குப் பேஜ் போட்டவரா?"

"ஆமாம்மா, சொல்லுங்க."

"என் பேர் மல்லிகா. அஸ்தினாபுரத்துல ஒரு மெடிக்கல் ஷாப்ல வேலை பார்க்கிறேன். நாளைக்கு எக்ஸாம். பேஜ்ல காலேஜுக்குப் போய்ச் சேர்ற நேரம் போடலையே சார். அங்க காலியா இருக்கு."

லேப்டாப்பில் திறந்து பார்த்தேன். இருந்தது. "போட்டிருக்கேம்மா. இதோ என் கண்ணு முன்னாடி இருக்கு."

"என் கண்ணு முன்னாடி இல்லையே சார்."

"போன் ரொம்பப் பழசாம்மா?"

"மூணு வருஷம் ஆச்சு. நல்லாதான் இருக்கு."

"ஒரு தடவை ரீஃப்ரெஷ் பண்ணிப் பாருங்க."

"பண்ணிட்டேன். அப்படியேதான் இருக்கு. தப்பா நினைச்சுக்காதீங்க சார். எனக்கு இது கடைசி சான்ஸ். அடுத்த தடவைக்குள்ள வயசு தாண்டிடும். அதான் ஒண்ணுக்கு ரெண்டா கேட்டுக்கறேன்."

"கவலையே படாதீங்கம்மா. ஒன்பது மணிக்குத்தானே கேட் மூடுறாங்க? அதுக்கு ரொம்ப முன்னாடியே கொண்டுபோய் விட்டுடுவாங்க. நிம்மதியா படிங்க."

"சரி சார்" என்று வைத்துவிட்டார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அவர் கேட்டது ஒரு நேரம். நான் கொடுத்தது ஆறுதல். எட்டு இருபத்தைந்து என்று மட்டும் சொல்லியிருந்தால், "அது எங்க ஸ்டாப்புக்கு வர்ற நேரமாச்சே சார்" என்று அந்த நொடியே பிடித்திருப்பார்; அது ஏன் என்று எனக்கு மறுநாள் காலைதான் விளங்கியது. சொல்லவில்லை. ரீஃப்ரெஷ் பண்ணச் சொல்வதுதான் நம் தொழிலில் மிகச் சுலபமான வேலை. எதிராளிக்கு ஒரு வேலை கொடுத்தமாதிரியும் இருக்கும், நமக்கு வேலை இல்லாத மாதிரியும் இருக்கும். போனை வைத்தபோது எனக்கு, படிக்காதவர்களுக்குப் பொறுமையாகப் பதில் சொன்ன திருப்தி வேறு. அவர் பி.காம். என்று பிறகு தெரிந்தது. நான் முடிக்காத பி.காம்.

ஞாயிறு காலை ஏழு பன்னிரண்டுக்குப் பாய் கூப்பிட்டார். நான் சேலையூரில் என் வீட்டில் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன்.

"சார், முழிச்சிக்கினீங்களா?"

"முழிச்சிட்டேன் பாய்."

"இப்ப நல்லா முழிச்சிக்குங்க. பெருங்களத்தூர்ல வண்டி நிக்குது, டிரைவர் இப்பத்தான் போன் போட்டான். போன தபா அஞ்சாறு பேர் ஏறின ஸ்டாப்பு. இன்னிக்கு ஒரே ஒரு பையன் நிக்கிறான். ஊரப்பாக்கத்துல ஏறின பொண்ணு அவ ஃப்ரெண்டுக்கு போன் போட்டா, அவ இன்னும் வூட்ல தலை பின்னிக்கினு கீறா. ஏழு இருபத்தஞ்சுக்குத்தானே வண்டின்றா."

"ஏழு பத்து பாய். பேஜ்ல தெளிவா..."

"தெளிவா கீதுன்னு மட்டும் சொல்லாதீங்க சார். அந்தப் பொண்ணு போட்டோ புடிச்சு அனுப்பிச்சிக்கீது. உங்களுக்குத் தள்ளி வுட்டுக்கீறேன், பாருங்க."

பாய் அனுப்பிய படத்தில் அந்தப் பெண்ணின் கைபேசித் திரையைப் பார்த்தேன். ஆற்றிய காபி அப்படியே நின்றது. இரண்டாவது நிறுத்தத்துக்கு நான், 'வண்டலூர் உயிரியல் பூங்கா பேருந்து நிறுத்தம்' என்று நீட்டி முழக்கி எழுதியிருந்தேன். என் திரையில் அது ஒரே வரி. அந்தச் சின்னத் திரையில் இடம் போதாமல் இரண்டு வரியாக மடிந்திருந்தது. அதற்குக் கீழே இருந்த எல்லாப் பெயர்களும் ஒரு வரி கீழே இறங்கிவிட்டன. பச்சைப் பெட்டியில் இருந்த நேரங்களுக்கு இந்தச் சேதி தெரியாது. அவை அசையாமல் அப்படியே நின்றன. பெருங்களத்தூருக்கு நேரே தாம்பரத்தின் நேரம். தாம்பரத்துக்கு நேரே சானடோரியத்தின் நேரம். அஸ்தினாபுரத்துக்கு நேரே, கல்லூரி போய்ச் சேரும் எட்டு இருபத்தைந்து. கல்லூரிக்கு நேரே ஒன்றுமில்லை. காலி.

முந்தின நாள் கேட்ட குரல் அப்போதுதான் காதுக்குள் நுழைந்தது.

"அஞ்சு நிமிஷம் குடுங்க பாய், சரி பண்ணிடறேன்" என்று லேப்டாப்பை இழுத்தேன். பதறினால் கை தானாக வேலைக்குப் போகும், அதுதான் நமக்குத் தெரிந்த இடம்.

"சரி பண்ணி?" என்றார் பாய். "தலை பின்னிக்கினு கீற பொண்ணு, நேரம் மாறிக்கீதான்னு திரும்ப உங்க பேஜத் தொறந்து பார்க்குமா? நேத்தே பார்த்து மன்சுல வச்சிக்கினு தூங்கிச்சு அது. பேஜ வுடுங்க சார். வண்டிய இன்னா பண்றதுன்னு சொல்லுங்க."

நான் லேப்டாப்பை மூடினேன். என் தொழில் வாழ்க்கையில் நான் செய்த நல்ல காரியங்களில் அது ஒன்று, அதையும் அவர் சொல்லித்தான் செய்தேன். ஒரு காகிதத்தை எடுத்து இரண்டு வரிசையாக எழுதினேன். வண்டி உண்மையில் வரும் நேரம் ஒன்று, ஆட்கள் தப்பாகப் படித்திருக்கும் நேரம் ஒன்று. தப்பாகப் படித்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி தப்பாகப் படித்திருந்தார்கள். ஒவ்வொருவரும் அடுத்த நிறுத்தத்தின் நேரத்துக்கு வந்து நிற்பார்கள். பத்து நிமிடமோ கால் மணியோதான் வித்தியாசம்.

"பாய், வண்டிய அங்கயே நிறுத்தி வைங்க. ஏழு இருபத்தஞ்சுக்கு எடுக்கச் சொல்லுங்க. அங்கேருந்து எல்லா ஸ்டாப்புக்கும் கால் மணி நேரம் லேட்டா போகட்டும்."

"ஏறி உக்காந்துக்கினு கீறவங்க கத்துவாங்களே."

"எட்டு நாப்பதுக்குக் காலேஜுக்குப் போயிடலாம். கேட் மூடுறதுக்கு இன்னும் இருபது நிமிஷம் இருக்கும். சொல்லிப் புரிய வைங்க."

"உங்க பேஜ் தப்பா கீதுன்னு என் வண்டியத் தப்பா ஓட்டச் சொல்றீங்க."

"ஆமா பாய்."

"நல்லா வேலை செய்யுது சார் மூளை. நேத்தே கொஞ்சம் செஞ்சிருக்கலாம்."

பக்கத்தை நான் அப்போது தொடவேயில்லை. சரியாகப் படித்தவர்கள் கால் மணி நேரம் நின்று பாயைத் திட்டுவார்கள், அவ்வளவுதான். தப்பாகப் படித்தவர்களுக்கு வண்டி வரும். எட்டிப் போய்விட்ட தவறை விரட்டிப் பிடிக்க முடியாதபோது, அது போய் நிற்கப்போகும் இடத்துக்கு முன்னாலேயே நாம் போய்விட வேண்டும். இதைக் கல்லூரியில் சொல்லித் தருகிறார்களா என்று தெரியவில்லை. எனக்கு வேன்காரர் சொல்லித் தந்தார்.

காகிதத்தில் ஒரே ஒரு வரி மட்டும் ஒத்துவரவில்லை. தாமதமாகப் போனாலும் வண்டி அஸ்தினாபுரத்துக்கு எட்டு பத்துக்கு வந்துவிடும். அங்கே தப்பாகப் படித்தவருக்கு எட்டு இருபத்தைந்து. அதுவரை வண்டியை நிறுத்தினால் கல்லூரிக்குப் போக எட்டு ஐம்பத்தைந்து ஆகிவிடும், வழியில் ஒரு சிக்னல் மக்கர் செய்தால் வண்டியில் இருக்கும் அத்தனை பேருக்கும் கேட் மூடிவிடும். ஆக, ஒருவருக்கு மட்டும் வண்டி கிடையாது. அந்த ஒருவர் முந்தின நாள் என்னைக் கூப்பிட்டு எச்சரித்தவர். கடைசி சான்ஸ் என்று சொன்னவர்.

நல்ல வேளையாக அவருடைய எண் என் கைபேசியில் இருந்தது. கூப்பிட்டேன். முழுதாக அடித்து ஓய்ந்தது. மறுபடியும் கூப்பிட்டேன். மெசேஜ் அனுப்பினேன். பார்த்ததற்கான அடையாளம் வரவில்லை. லேப்டாப் பையை மாட்டிக்கொள்ளாமல் வாசல் தாண்டும் பழக்கம் எனக்கு இல்லாததால், அதையும் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன். ராஜகீழ்ப்பாக்கம் தாண்டும்போதுதான் ஒரு காலில் மனைவியின் செருப்பு இருப்பது தெரிந்தது.

அஸ்தினாபுரம் நிறுத்தத்துக்கு எட்டு மணிக்கு முன்பே போய்விட்டேன். ஆனால் எனக்குத் தெரிந்தது ஒரு குரலும் ஒரு பெயரும்தான். கையில் ஃபைலோடு வந்த ஒரு பெண்ணிடம், "மல்லிகாவா?" என்றேன். இல்லை என்றார். அடுத்து வந்தவரிடமும் கேட்டேன். நிறுத்தத்தில் பூ விற்றுக்கொண்டிருந்த அம்மா கட்டிய சரத்தை மடியில் வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"காலங்காத்தால இன்னா வோணும் உனக்கு?"

"ஒருத்தரைத் தேடறேன்மா."

"அதான் தெரியுதே. ஒரு செருப்புக்கு ஒரு செருப்பு ஜோடி தேடறாப்புல கீது."

எட்டு பத்துக்கு வேன் வந்தது. அங்கே சரியான நேரத்தைப் படித்துவிட்டுக் கால் மணி நேரமாகக் காத்திருந்த இரண்டு பேர் முறைத்துக்கொண்டே ஏறினார்கள். டிரைவர் என்னைப் பார்த்தார். "இரண்டு நிமிஷம்" என்றேன். இரண்டு நிமிடம் போனது. உள்ளே இருந்து ஒரு பெண், "அண்ணா, எங்களுக்கும் எக்ஸாம்தான்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"எடுங்க" என்றேன் டிரைவரிடம்.

வண்டி திரும்பிப் போனதை நான் நின்று பார்த்தேன். அனுப்பியது சரிதான். இப்போது கேட்டாலும் சரி என்றுதான் சொல்வேன். ஆனால் சரியான முடிவை எடுத்தால் மனசு லேசாகிவிடும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள்.

எட்டு பதினேழுக்கு அவர் வந்தார். அவசரமில்லாமல், கண்ணாடிக் கவரில் ஹால் டிக்கெட்டும் கையில் தண்ணீர் பாட்டிலுமாக நடந்து வந்தார். அவருக்குத் தெரிந்தவரை எட்டு நிமிடம் முன்னதாகவே வந்திருக்கிறார்.

"மல்லிகாம்மா?"

"நீங்க யாரு?"

"வேன் பேஜ் போட்டேனே..."

"ரீஃப்ரெஷ் பண்ணச் சொன்னவரா?"

"அவனேதான். வேன் போயிடுச்சும்மா."

"எட்டு இருபத்தஞ்சுதானே சார்?"

"அது காலேஜுக்குப் போய்ச் சேர்ற நேரம். உங்க போன்ல எல்லா ஊரும் ஒரு வரி கீழ இறங்கிடுச்சு. தப்பு என்னுது."

படிப்பதற்காகச் சத்தத்தை அணைத்துப் பைக்குள் போட்டிருந்த கைபேசியை எடுத்து, அவர் பக்கத்தைத் திறந்தார். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நேத்து அதைத்தானே சார் கேட்டேன்."

திட்டியிருந்தால் வாங்கிக்கொள்ளத் தயாராக வந்திருந்தேன். "வண்டில ஏறுங்கம்மா, இருபத்தஞ்சு நிமிஷத்துல கொண்டுபோய் விடறேன்" என்றேன்.

"யாருன்னே தெரியாது, எப்படி சார் ஏர்றது?"

பூக்கார அம்மா எழுந்தே வந்துவிட்டார். "ஏறாதம்மா. நானும் அப்பத்துலேர்ந்து பார்த்துக்கினு கீறேன். போற வர்ற பொம்பளைங்க எல்லாத்தையும் மல்லிகாவா மல்லிகாவான்னு கேட்டுக்கினு கீறான்."

மல்லிகா பதறவில்லை. பக்கத்தின் அடியில் இருந்த பாயின் எண்ணுக்குப் போன் போட்டு, சத்தத்தைக் கூட்டி, எங்கள் மூன்று பேருக்கும் கேட்கும்படி பிடித்தார். நான் யார் என்று விசாரித்தார்.

"ஏறிக்கம்மா" என்றது பாயின் குரல். "தங்கமான ஆளு. பேஜ் போடத்தான் தெரியாது."

ஏறிக்கொண்டார். பூக்கார அம்மா என் வண்டி எண்ணை வாய்விட்டு ஒருமுறை படித்துக்கொண்டார்.

ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் நின்றபோது மன்னிப்பைத் தொடங்கினேன். "நேத்து நீங்க சொன்னப்பவே நான்..."

"பேசாம ஓட்டுங்க சார். படிச்சதை மனசுல ஓட்டிப் பார்த்துக்கிட்டிருக்கேன்."

வாயை மூடினேன். நம் குற்ற உணர்ச்சியைக் கேட்டுக்கொண்டிருப்பதும் வாடிக்கையாளரின் வேலை இல்லை.

கல்லூரிக் கேட்டுக்கு வந்தபோது எட்டு நாற்பத்தொன்பது. உள்ளே கைபேசி கொண்டுபோகக் கூடாது. வேன் டிரைவரிடம் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று நினைத்திருக்கிறார். சுற்றிப் பார்த்தார், வேன் கண்ணில் படவில்லை. அதை என் கையில் வைத்தார்.

"இதுல லாக் இல்ல சார். திரும்பிப் போற வண்டி நேரமும் அந்தப் பேஜ்லதானே இருக்கு? இந்தப் போன்ல வச்சுப் பார்த்துச் சரி பண்ணுங்க."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். நீள நீளமாக அடியெடுத்து வைத்து, ஓடாமல் போனார். ஒன்பது மணிக்குக் காவலாளி கேட்டை இழுத்துச் சாத்தினார்.

எதிரே பூட்டியிருந்த ஒரு ஹார்டுவேர் கடைப் படியில் உட்கார்ந்தேன். ஒரு தொடையில் லேப்டாப், இன்னொன்றில் அவருடைய கைபேசி. இருபது வருடமாகப் பக்கம் கட்டுகிறேன், வீட்டாரைத் தவிர இன்னொருவருடைய கைபேசியில், அவர் வைத்திருக்கும் விதத்திலேயே என் பக்கத்தைப் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. எழுத்துகளை நன்றாகப் பெரிதாக்கி வைத்திருந்தார். நாளெல்லாம் மாத்திரை அட்டையின் பொடி எழுத்தைப் படிக்கிற கண்ணுக்கு ஓய்வு வேண்டும் இல்லையா? அந்தப் பெரிய எழுத்தில் என் கலைப்படைப்பு, தோசைக்கல்லில் இருந்து பாதி நழுவிய தோசை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு ஒரு டேபிள் எழுதினேன். ஒரு வரிசை, அதில் ஓர் ஊர், அதே வரிசையில் அதன் நேரம். அவ்வளவுதான். பத்து நிமிடம் ஆகவில்லை. அவருடைய கைபேசியில் வண்டலூர் இப்போதும் இரண்டு வரியாக மடிந்தது. ஆனால் அந்த வரிசையே சேர்ந்து உயர்ந்துகொண்டது, நேரம் அதன் பக்கத்திலேயே நின்றது. முன்பு செய்ததில் ஊரும் நேரமும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள். வாசல் நேராக அமைந்திருந்தது தற்செயல். பார்க்கிறவர்களுக்கு ஒரே குடும்பம்போலத் தெரிந்தது, எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. நீங்கள் நாளைக்கு எதைக் கட்ட உட்கார்ந்தாலும், நிறத்தையும் இடைவெளியையும் தொடுவதற்கு முன் பக்கத்தின் எலும்புக்கூடான ஹெச்டிஎம்எல்லில் எது எதோடு சேர வேண்டும் என்று பார்த்துச் சேர்த்துவிடுங்கள். சிஎஸ்எஸ் கழன்று விழுந்தாலும் அவை பிரியக் கூடாது.

பச்சைப் பெட்டி போய்விட்டது. பக்கம் ரேஷன் கடைப் பலகை மாதிரி இருந்தது. வாசலில் காத்திருந்த பெற்றோர்களிடம் போய், "உங்க போனைக் கொஞ்சம் காட்டறீங்களா?" என்று கேட்டேன். நாலு பேர் மறுத்தார்கள். ஒருவர் என் செருப்பைப் பார்த்துவிட்டுக் குழந்தையை இழுத்துக்கொண்டு நகர்ந்தார். மூன்று பேர் காட்டினார்கள். மூன்றிலும் சரியாக இருந்தது.

பன்னிரண்டரைக்குத் தேர்வு முடிந்தது. கூட்டத்தோடு மல்லிகா வந்தார். கைபேசியை வாங்கியதும் முதலில் பக்கத்தைத்தான் திறந்தார். திரும்பும் நேரங்களில் அஸ்தினாபுரத்தின் மேல் விரலை வைத்து, அப்படியே பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போனார்.

"ஒன்றரை" என்றார்.

"ஒன்றரைதாம்மா."

"இப்ப நேரா இருக்கு."

"எக்ஸாம் எப்படிம்மா?"

"எழுதியிருக்கேன் சார்" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினார்.

ரிசல்ட் வந்தால் ஒரு வார்த்தை சொல்லும்படி கேட்டிருந்தேன். சொல்ல மாட்டார் என்றுதான் நினைத்தேன். மாதங்கள் கழித்து ஒரு மதியம் கூப்பிட்டார்.

"ரிசல்ட் வந்துடுச்சு சார். எனக்குக் கிடைக்கல."

பேக்கரியில் இருந்து ரொட்டி வாசனை வந்துகொண்டிருந்தது. எனக்கு உட்கார வேண்டும்போல் இருந்தது, உட்கார்ந்துதான் இருந்தேன்.

"அன்னிக்குக் காலையில நடந்ததாலயாம்மா?"

கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னார். "உள்ள போய் உக்காந்ததும் ஒரு பத்து நிமிஷம் கை நடுங்குச்சு. வேன்ல போயிருந்தாலும் நடுங்கியிருக்கும் சார். எல்லா தடவையும் நடுங்கும். நாலஞ்சு கேள்வி எனக்குத் தெரியல, அவ்வளவுதான்."

அது உண்மையா, என் மேல் இரக்கப்பட்டுச் சொன்னதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. வேனில் நிம்மதியாகப் போன மல்லிகா என்று இன்னொருவர் இருந்து, அவரும் அதே தேர்வை எழுதியிருந்தால்தான் ஒப்பிட முடியும். உங்கள் வேலையில் நீங்கள் செய்யும் தவறுகள் பெரும்பாலும் உங்கள் திரையிலேயே முடிந்துவிடும், சிரித்துவிட்டுப் போகலாம். எப்போதாவது ஒன்று திரையைத் தாண்டி யாருடைய காலையிலோ போய் விழும். அது என்ன செய்தது என்று முழுக்கணக்கு உங்களுக்குக் கிடைக்காது. அந்தக் கணக்கு இல்லாமலேயே மறுநாள் வேலைக்கு வர வேண்டும். இதற்கு என்னிடம் குறிப்பு எதுவும் இல்லை.

அவரே தொடர்ந்தார்.

"இன்னொரு விஷயம் சார். எங்க மெடிக்கல் ஷாப்ல எந்த டாக்டர் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு உக்கார்றார்னு ஒரு பேஜ் வேணும்னு ஓனர் கேட்டுக்கிட்டிருந்தார். உங்க நம்பரைக் குடுத்திருக்கேன்."

"எனக்கா? இவ்வளவு நடந்தும்?"

"இவ்வளவு நடந்ததாலதான் சார். புதுசா ஒருத்தர் வந்தா அவரும் முதல்ல ரீஃப்ரெஷ் பண்ணத்தான் சொல்லுவார். ஆனா ஒரு கண்டிஷன். ஊருக்குக் காட்டுறதுக்கு முன்னாடி என் போன்ல காட்டணும்."

டாக்டர்கள் நாள் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். வேலையை விடும்வரை அந்தப் பக்கத்தை ஏழெட்டு முறை மாற்றியிருப்பேன். ஒவ்வொரு முறையும் தாம்பரத்தில் இருந்து அஸ்தினாபுரம் போய், சீட்டு வைத்திருக்கும் நோயாளிகளுக்குப் பின்னால் வரிசையில் நிற்பேன். என் முறை வந்ததும் கவுன்ட்டருக்குள் கையை நீட்டுவேன். அவர் ஒன்றும் கேட்காமல் கைபேசியை எடுத்துக் கொடுப்பார். நான் ஓரமாகப் போய் நின்று, அந்தப் பெரிய எழுத்தில், முதல் வரியில் இருந்து கடைசி வரி வரை விரல் வைத்துப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பேன்.